பறித்த பின்னும் மூச்சு விடும்: மரக்கறியும் பழமும் ஏன் பழுதாகின்றன?

"போஞ்சியில தண்ணி பட்டிருக்கு, அதுதான் பழுதாப்போச்சு." "இந்த மாம்பழத்துக்கு மருந்தடிச்சிருக்கிறாங்கள்." "பிரிட்ஜில வச்சும் வாழைப்பழம் கறுத்துப்போச்சே!" பேலியகொடை மெனிங் சந்தையில் மூட்டை இறக்கும் இடத்திலும், வெள்ளவத்தைக் கடைகளின் முன்னாலும், கொட்டாஞ்சேனை அடுக்குமாடிக் குசினிகளிலும் தினமும் காதில் விழும் பேச்சு இது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சத்தை மட்டும் நம்பிச் செய்யும் காரியங்கள் பழுதைக் குறைப்பதில்லை. சில வேளை கூட்டியும் விடுகின்றன.

இலங்கையில் விளையும் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 வீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாகிறது என்பது அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. பயிருக்குப் பயிர் இது மாறும்: பூசணியில் குறைவு, பப்பாசியிலும் தக்காளியிலும் அதிகம். குப்பைக்குப் போவது மட்டும் இதில் அடங்குவதில்லை. வாடி நிறை குறைவது, அடிபட்டு அரைவிலைக்குப் போவது, வீட்டில் வெட்டும்போது பாதியைக் கழித்து எறிவது எல்லாம் நட்டம்தான். இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். அதற்கு முதலில், பறித்த காய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

சம்பளம் நின்ற வீடு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு ஊழியர் சேமலாப நிதி மொத்தமாகக் கைக்கு வருகிறது. அதற்குப் பிறகு மாதச் சம்பளம் இல்லை. அந்தப் பணம் எவ்வளவு காலம் போகும் என்பது, தினமும் எவ்வளவு செலவு செய்கிறார் என்பதைப் பொறுத்தது.

பறித்த காயின் நிலையும் இதுதான். செடியில் இருந்தவரை இலையிலிருந்து சீனியும் வேரிலிருந்து நீரும் வந்துகொண்டிருந்தன. காம்பை வெட்டியதும் வரவு நின்றது. ஆனால் காய் சாகவில்லை. அதன் கலங்கள் உயிரோடு இருக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து, சேமித்து வைத்த சீனியைக் கரைத்து, காபனீரொட்சைட்டையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியே விடுகின்றன. இந்தச் செயலுக்குச் சுவாசம் என்று பெயர். நாம் மூச்சு விடுவதற்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை.

போஞ்சி மூட்டை ஒன்றை அவிழ்த்து, நடுவுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். வெளியே இருப்பதை விட உள்ளே சூடாக இருக்கும், ஈரப்பசையும் தட்டும். வெயில் உள்ளே போய்ச் சேர்ந்த சூடு மட்டுமல்ல அது, போஞ்சி தானே மூச்சு விட்டு உண்டாக்கிய சூடும்தான். கூட்டம் நிறைந்த பஸ்ஸின் யன்னல்களை அடைத்தால் உள்ளே என்ன ஆகுமோ, அதுதான் மூட்டைக்குள்ளும் நடக்கிறது.

எல்லாக் காயும் ஒரே வேகத்தில் மூச்சு விடுவதில்லை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் மெதுவாக விடும், அதனால் வாரக்கணக்கில் கிடக்கும். போஞ்சி, வெண்டிக்காய், கீரை, காளான் போன்றவை வேகமாக விடும். வளர்ச்சி முடியாமல் பிஞ்சிலேயே பறிக்கப்படுபவைக்கும் இலைகளுக்கும் செலவு அதிகம், சேமிப்போ குறைவு.

இதுவரை சொன்னதன் சாரம்: பழுதாவது வெளியிலிருந்து வரும் ஒரு கேடு மட்டும் அல்ல. உயிருள்ள ஒரு பொருள் தன் சேமிப்பைத் தின்று முடிக்கும் கதையும் அதில் இருக்கிறது. அந்தச் செலவைக் குறைத்தால் நாள் நீளும்.

மலையிலிருந்து கொழும்புக்கு இறங்கும் சூடு

செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் முதன்மையாக வெப்பநிலைதான். பொதுக்கணக்கு ஒன்று உண்டு: வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் ஏறினால் சுவாச வேகம் இரண்டு முதல் மூன்று மடங்காகும். நுவரெலியாவின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை, கொழும்பில் 27, 28. மலையில் ஏற்றிய அதே கரட்டும் லீக்ஸும், பேலியகொடையில் இறங்கும்போது இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் தம்மைத் தாமே தின்றுகொண்டிருக்கும். மலையில் நாலு நாள் நிற்கும் சரக்கு கொழும்பில் இரண்டு நாளில் தளர்ந்துபோவதற்கு வியாபாரியின் கவனக்குறைவைத்தான் காரணமாகச் சொல்வார்கள். பாதிக் காரணம் இந்தப் 10 பாகை.

தோட்டத்தில் வெயிலில் நின்ற காய் பறிக்கும் நேரத்திலேயே சூட்டோடு வருகிறது. இதை வயல் வெப்பம் என்பார்கள். மத்தியானம் பறித்த தக்காளியின் உட்சதை சுற்றியுள்ள காற்றை விடச் சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டோடு மூட்டை கட்டி, லொறியில் அடுக்கி, மேலே தறப்பாளை இழுத்து மூடினால், வயல் வெப்பமும் சுவாச வெப்பமும் ஒன்று சேர்ந்து இரவு முழுக்க உள்ளேயே நிற்கும்.

காசு செலவில்லாத மருந்து இதற்கு இருக்கிறது. காலையில், பனி காய்ந்ததும், வெயில் ஏறும் முன்னர் பறிப்பது. பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டுபோவது, அதுவும் தகரக் கூரைக்குக் கீழே அல்ல, மரநிழலுக்கோ ஓலைக் கொட்டிலுக்கோ. குவிக்காமல் பரப்பி இரண்டு மூன்று மணி நேரம் காற்றாட விடுவது. லொறியில் தறப்பாளுக்கும் சரக்குக்கும் இடையே ஒரு கையளவு வெளி விட்டு, முன்னும் பின்னும் காற்றுப் போகத் திறந்து வைப்பது.

மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல, ஈரம் ஆவியாகும்போது குளிரும் செங்கல் அறை ஒன்றும் உண்டு. இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் 7.5 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, மணல் நிரப்பி, காலையும் மாலையும் நனைக்க வேண்டும். தம்புள்ளை, அநுராதபுரம் போன்ற உலர்ந்த இடங்களில் நன்றாக வேலை செய்யும். கொழும்பில் செய்யாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாகத் தயங்கும். 34 பாகை வெப்பமும் 45 வீத ஈரப்பதனும் உள்ள இடத்தில் அதிகபட்சம் 9 பாகை வரை குறைக்கலாம். 30 பாகையும் 80 வீத ஈரப்பதனும் உள்ள கொழும்பில் 3 பாகைதான் உச்சம். யூடியூப் பார்த்துவிட்டு மாடிப் பல்கனியில் பானைக் குளிர்ப்பெட்டி செய்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

வாட்டம் என்பது நிறையும் பணமும்

தக்காளியில் ஏறத்தாழ 95 வீதம் நீர், கரட்டில் 88 வீதம். வெட்டிய பிறகு இந்த நீர் தோல் வழியாகவும் காம்புத் தழும்பு வழியாகவும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நிறையில் 5 முதல் 10 வீதம் போனாலே பெரும்பாலான மரக்கறிகள் சுருங்கி விற்க முடியாத தோற்றத்துக்கு வந்துவிடும். 100 கிலோ கரட்டில் 8 வீதம் ஆவியானால் 8 கிலோவுக்கான காசு காற்றோடு போயிற்று. மீதி 92 கிலோவும் வாடிய விலைக்குத்தான் போகும்.

கரட்டை இலையோடு விற்றால் புதிதாகத் தெரியும். ஆனால் அந்த இலை, கிழங்கிலிருந்து நீரை உறிஞ்சி வெளியே விடும் குழாய் மாதிரி. வாங்கிய உடனே இலையை வெட்டிவிட வேண்டும்.

ரம்புட்டானைப் பாருங்கள். பருவத்தில் மல்வானைப் பக்கமிருந்து சிவப்பாக வந்து தெருவோரம் குவியும். இரண்டு மூன்று நாளில் முள் கறுத்துவிடும். அழுகிவிட்டதென்று எறிகிறோம். உண்மையில் மெல்லிய அந்த முட்கள்தான் முதலில் நீரை இழந்து கறுக்கின்றன. உள்ளே சதை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஈரத் துணி போட்டு மூடி, நேரடிக் காற்றும் வெயிலும் படாமல் வைத்தால் நிறம் இன்னும் சில நாள் நிற்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் இறுகக் கட்டிவிடலாமா? கூடாது. கட்டிய பைக்குள் ஒட்சிசன் தீர்ந்துபோகும். ஒட்சிசன் இல்லாமல் கலங்கள் சீனியைக் கரைக்கும்போது மதுசாரம் உண்டாகும். இறுகக் கட்டிய பையைத் திறந்ததும் வரும் புளித்த வாடை அதுதான். உள்ளே துளித்துளியாகத் தேங்கும் நீரோ பூஞ்சணத்துக்கு விருந்து. ஒரு கிலோ பிடிக்கும் பையில் பென்சில் முனையளவு துவாரம் எட்டுப் பத்துப் போட்டால் நீரும் அதிகம் போகாது, மூச்சும் அடைக்காது.

சுருங்கச் சொன்னால், சூடு குறைய வேண்டும், நீர் உள்ளே நிற்க வேண்டும், மூச்சு அடைக்கக் கூடாது. மூன்றும் ஒன்றாக வேண்டும் என்பதில்தான் சிரமம்.

சாக்கும் பெட்டியும்

ஒரு தக்காளியை இடுப்பளவு உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விழ விடுங்கள். உடையாவிட்டால் பார்வைக்கு எதுவும் நடந்ததாகத் தெரியாது. இரண்டு நாள் கழித்து அதே இடத்தை விரலால் அழுத்தினால் தோலுக்குக் கீழே நீர் கோத்திருக்கும். உள்ளே கலச்சுவர்கள் கிழிந்து சாறு கசிந்திருக்கிறது. அடிபட்ட இடம் வேகமாக மூச்சு விடும், நீரை வேகமாக இழக்கும், பூஞ்சணத்துக்குக் கதவையும் திறந்து கொடுக்கும். மேலே சொன்ன எல்லாக் கேடும் ஒரே அடியில்.

பொலிச் சாக்கில் 50 கிலோவை அமுக்கி, அதன் மேல் ஆறு ஏழு சாக்கு அடுக்கி, அதற்கு மேல் ஆட்களும் ஏறி உட்கார்ந்து வந்தால் அடிச் சாக்கின் கதி என்ன? அதனால்தான் பிளாஸ்டிக் பெட்டியில் ஏற்றச் சொல்கிறார்கள். பெட்டியில் பாரத்தைத் தாங்குவது பெட்டியின் சுவர், காய் அல்ல. 2011 இறுதியில் இலங்கையில் இதைக் கட்டாயமாக்கியபோது தம்புள்ளையில் பெரும் எதிர்ப்புக் கிளம்பி, அந்த நடைமுறை நின்றுபோனது. எதிர்த்தவர்களின் கணக்கிலும் நியாயம் இருந்தது. ஒரே லொறியில் பெட்டி வைத்தால் ஏற்றும் நிறை குறைகிறது, வெறும் பெட்டி திரும்பி வர இடம் பிடிக்கிறது, பெட்டிக்கு முதல் போட வேண்டும். ஆனால் அழுகி எறியும் நிறையைக் கூலிக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் சாக்கு எப்போதும் மலிவாகத்தான் தெரியும்.

பெட்டியும் பிழையாகப் பாவித்தால் கெடுதலே. விளிம்புக்கு மேல் நிரப்பினால் மேற்பெட்டியின் பாரம் முழுக்கக் காயில் இறங்கும். இரண்டு விரல் அளவு கீழே நிறுத்துங்கள். உட்புறம் சொரசொரப்பாக இருந்தால் சுத்தமான கடதாசி விரியுங்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழுவுங்கள். கழுவாத பெட்டி போன வார அழுகலை இந்த வாரச் சரக்குக்குக் கொண்டுவரும்.

பழுக்க வைக்கும் வாயு

யாழ்ப்பாணத்தில் வாழைக்குலையைக் கிடங்கில் இறக்கி, மூடி, புகை போட்டுப் பழுக்க வைப்பது பழைய வழக்கம். புகைக்கு என்ன சக்தி? அதில் எதிலீன் என்ற வாயு இருக்கிறது. 1901இல் ரஷ்யத் தாவரவியலாளர் நெலியூபோவ், விளக்கு எரிக்கும் வாயுவில் கலந்திருந்த எதிலீன்தான் பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளர வைக்கிறது என்று காட்டினார். 1934இல் ரிச்சர்ட் கேன், பழங்கள் தாமே இந்த வாயுவை உண்டாக்குகின்றன என்பதை நிறுவினார். அதாவது, எதிலீன் பழத்தின் சொந்த மொழி. "நேரமாயிற்று, பழு" என்று ஒரு பழம் பக்கத்துப் பழத்துக்குச் சொல்லும் செய்தி.

இந்தச் செய்திக்கு எல்லாப் பழமும் செவிசாய்ப்பதில்லை. மா, வாழை, பப்பாசி, கொய்யா, தக்காளி, வெண்ணெய்ப்பழம் போன்றவை முற்றிய காயாகப் பறித்தாலும் பிறகு பழுக்கும். அன்னாசி, தோடை, எலுமிச்சை, திராட்சை, ரம்புட்டான் போன்றவை பறித்த பிறகு இனிக்கவே மாட்டா. "அன்னாசியை இரண்டு நாள் வைத்தால் இனிக்கும்" என்பது தவறு. நிறம் மாறும், மணம் கூடும், சீனி கூடாது.

மற்றப் பெரிய குழப்பம் "மருந்து" பற்றியது. கல் போட்டுப் பழுக்க வைப்பது என்றால் கல்சியம் காபைட்டு. ஈரத்தோடு சேர்ந்து அது விடும் அசெற்றிலீன், எதிலீனைப் போல அரைகுறையாக வேலை செய்யும். தோல் மஞ்சளாகும், சதை காயாகவே இருக்கும். தொழிற்சாலைக் காபைட்டில் ஆசனிக்கு, பொசுபரசுச் சேர்மங்கள் கலந்திருப்பதால் அது தடை செய்யப்பட்டது, அந்தத் தடை நியாயமானதே. ஆனால் அறைக்குள் எதிலீன் விட்டுப் பழுக்க வைப்பது வேறு காரியம். முற்றிய வாழைக்காயை 15 முதல் 18 பாகையில் வைத்து, காற்றில் பத்து லட்சத்தில் 100 முதல் 150 பங்கு எதிலீன் 24 மணி நேரம் விட்டால் குலை முழுவதும் ஒரே சீராகப் பழுக்கும். பழமே உண்டாக்கும் வாயுதான் அது. இரண்டையும் ஒரே "மருந்து" என்ற சொல்லில் போட்டுப் பேசுவது சரியான முறையைச் செய்பவருக்கு அநியாயம்.

எந்த முறையானாலும், பிஞ்சில் பறித்த காயை நல்ல பழமாக்க முடியாது. மாங்காயின் காம்படித் தோள்கள் எழும்பி நிற்பதும், தண்ணீரில் போட்டால் தாழ்வதும் முற்றியதன் அடையாளம்.

வீட்டில் இந்த வாயுவின் விளைவு ஓசையில்லாமல் நடக்கும். அப்பிளையும் கரட்டையும் ஒரே தட்டில் அடைத்து வைத்தால் கரட் கசக்கும். பழுத்த வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் கெக்கரிக்காய் மஞ்சளாகும், கோவாவின் வெளி இலை உதிரும். பழத்தையும் பச்சை மரக்கறியையும் ஒன்றாக வைக்காதிருப்பது பாதி வேலை.

அழுகலின் விதை எப்போது விழுந்தது?

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கும்போது தோலில் ஒரு புள்ளியும் இல்லை. மூன்றாம் நாள் கறுப்புப் புள்ளிகள் பரவுகின்றன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கிறோம். இது அந்திரக்னோசு என்ற பூஞ்சண நோய். மாம்பிஞ்சாக இருந்தபோதே மழையோடு தோலுக்குள் இறங்கி, காய் பச்சையாக இருக்கும்வரை உறங்கிக் கிடந்து, பழுக்கும்போது எழும்புகிறது. அதனால் பழக்கடையில் எடுக்கும் எந்த நடவடிக்கையும் தாமதமானதே. பறித்த அன்றோ மறுநாளோ 52 முதல் 55 பாகைச் சுடுநீரில் 5 நிமிடம் அமிழ்த்தி எடுத்து, குளிர வைத்து, உலர்த்தினால் நோய் பெருமளவு அடங்கும். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. இரண்டு பாகை கூடினாலும் தோல் வெந்துவிடும்.

கரட்டைக் கழுவுவதிலும் இப்படியொரு மறைந்த வழி இருக்கிறது. ஒரே தொட்டித் தண்ணீரில் மூட்டை மூட்டையாகக் கழுவும்போது, ஓர் அழுகிய கரட்டின் பற்றீரியா அத்தனை கரட்டின் கீறலுக்குள்ளும் போகும். "தண்ணி பட்டதால பழுது" என்ற பேச்சின் உண்மை இங்கேதான். தண்ணீர் குற்றவாளி அல்ல, அழுக்குத் தண்ணீரும் உலராமல் கட்டிய மூட்டையும்தான் குற்றவாளிகள். தண்ணீரை அடிக்கடி மாற்றி, வாசனை சேர்க்காத 5 வீதக் குளோரின் திரவத்தில் 10 லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் கலந்தால் தண்ணீர் வழியாகப் பரவுவது நிற்கும். ஏற்கெனவே அழுகத் தொடங்கியதை இது குணமாக்காது. பிறகு நல்ல நீரில் அலசி, நிழலில் ஈரம் போக உலர்த்திய பின்னரே கட்ட வேண்டும்.

குளிரும் காயப்படுத்தும்

குளிர் நல்லது என்றால் எல்லாவற்றையும் பிரிட்ஜில் திணிக்கலாமா? வாழையும் மாவும் வெப்பநாட்டுப் பிள்ளைகள். 12, 13 பாகைக்குக் கீழே போனால் அவற்றின் கலச்சவ்வு இறுகி வெடிக்கும், உள்ளிருக்கும் பொருட்கள் ஒன்றோடொன்று கலந்து தோல் கறுக்கும். காயாக இருந்தால் பிறகு பழுக்கவே மாட்டாது. இதைக் குளிர்க்காயம் என்கிறோம். வீட்டு பிரிட்ஜ் 4, 5 பாகையில் ஓடுகிறது.

வாழை, மா, கத்தரிக்காய், கெக்கரிக்காய், பழுக்காத தக்காளி, பப்பாசிக்காய் ஆகியவற்றுக்கு 10 முதல் 14 பாகை உகந்தது. வெண்டிக்காய்க்கு 7 முதல் 10. போஞ்சிக்கு 5 முதல் 7. கரட், கோவா, லீக்ஸ், பீற்றூட், கீரை பூச்சியத்துக்குச் சற்று மேலே இருந்தால் இன்னும் நல்லது. உருளைக்கிழங்கு குளிரில் மாப்பொருளைச் சீனியாக்கிக்கொள்ளும், பொரித்தால் கறுத்துக் கசக்கும். வெளிச்சத்திலோ பச்சை பிடிக்கும், அந்தப் பச்சைப் பகுதியை உண்ணக் கூடாது.

கொழும்புக் குசினியில்

ஞாயிற்றுக்கிழமை வாங்கி வாரம் முழுக்கச் சமைக்கும் வீட்டில் முதல் வேலை தெரிவு. அடிபட்டது, கீறியது, காம்பு ஈரமாக இருப்பது எல்லாவற்றையும் அன்றே கறிக்கு எடுங்கள். கங்குனும் வல்லாரையும் வந்தால் வாழைநார்க் கட்டை அவிழ்த்து, மஞ்சள் இலையை நீக்கி, அலசி, தண்ணீர் முழுக்க வடிந்த பிறகு சுத்தமான துணியில் சுற்றி, துவாரப் பையில் இட்டு, பிரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். மற்ற மரக்கறிகளைச் சமைக்கும் முன் கழுவினால் போதும், முன்கூட்டிக் கழுவி ஈரத்தோடு வைக்க வேண்டாம்.

கத்தரிக்காயையும் தக்காளிக்காயையும் குசினியின் நிழலான மூலையில், அடுப்பிலிருந்து விலக்கி, ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். தக்காளி நன்கு பழுத்த பிறகு வேண்டுமானால் பிரிட்ஜுக்குப் போகலாம், குளிர் அப்போது அதற்கு அவ்வளவு கெடுதல் செய்யாது. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். கிழங்கு விடும் ஈரத்தில் வெங்காயம் முளைக்கும். வாழைச்சீப்பைத் தட்டில் கிடத்தினால் அடியில் உள்ள பழம் பாரத்தில் நசுங்கும். நூலில் கட்டித் தொங்க விடுங்கள், சீப்பின் வெட்டு வாயில் ஈரம் படாமல் பாருங்கள், அழுகல் பெரும்பாலும் அந்த வாயிலிருந்துதான் பழத்துக்குள் இறங்குகிறது.

சமைக்கும் வரிசை: திங்கள், செவ்வாயில் கீரையும் வெண்டிக்காயும். அடுத்த இரண்டு நாளில் போஞ்சியும் கத்தரிக்காயும். பிறகு கோவா, கரட், பீற்றூட். வெட்டாத பூசணி அடுத்த வாரத்துக்கும் நிற்கும். ஆனால் ஒரு கீற்று வெட்டிவிட்டால் அதுவும் கீரைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும்.